பள்ளியின் ‘தற்காலிக’ ஷெட்டும் பக்கத்து வீட்டுச் சுவரும்: பார்த்ததைப் பகிருங்கள் (ஒவ்வொரு பதிவுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்)

ஓட்டுவீடு

தனியார் பள்ளி, கிழக்கே வீடுகள், நடுவில் ஆறடிச் சுற்றுச்சுவர். சுவரிலிருந்து இரண்டடி தள்ளி 60-க்கு 20 அடியில் கலர் ஷீட் ஷெட்டு போட்டு, குறுக்கே பலகை தடுத்து மூன்று வகுப்பு ஆக்கியிருந்தார்கள். சரிவு முழுவதும் வீட்டுப் பக்கம். பள்ளிப் பக்கம் சாய்த்தால் பிரேயர் நடக்கும் இடம் சேறாகிவிடும் என்பது அவர்கள் கணக்கு. ஷீட்டை ஒன்றரை அடி வெளியே நீட்டியதால், சொட்டு விழும் இடத்துக்கும் சுவருக்கும் அரை அடிதான் மிச்சம். கூரைத் தண்ணீரைப் பிடித்து ஓரமாகக் கொண்டுபோகும் கட்டர் கிடையாது.

கூரை 1,200 சதுர அடி, அதாவது சுமார் 111 சதுர மீட்டர். ஒரு சென்டிமீட்டர் மழைக்கே 1,100 லிட்டர் இறங்கும். ஐப்பசியில் ஒரு ராத்திரி மழையில் ஷீட்டின் ஒவ்வொரு பள்ளமும் குழாய் மாதிரிப் பீய்ச்சியதில், தண்ணீர் சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டுச் சமையலறை ஜன்னலுக்குள் போய்விட்டது. மறுநாள் காலை அந்த வீட்டு அம்மா தோசைமாவுக் குண்டானைத் தூக்கிக்கொண்டு போய் ஹெச்.எம். மேஜைமேல் வைத்தார். “இதுல ஒரு தோசை வார்த்துக் குடுங்க சார், பாப்போம்.”

அப்புறம் தெருவே சேர்ந்து நகராட்சிக்கு மனு. நான்கு பக்க மனுவில் மூன்றரைப் பக்கம் பிள்ளைகள் போடும் சத்தம். தண்ணீர் பற்றி ஒரே வரி. சத்தப் புகார் என்று பதிந்து போலீஸ் ஸ்டேஷனுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆறு மாசத்துக்கு என்று போட்ட ஷெட்டுக்கு இது நான்காவது வருஷம்.

படிவம் டி

நகராட்சிக்கு எழுதுகிறார்கள், கலெக்டருக்கு எழுதுகிறார்கள், தாலுகா ஆபீசை மட்டும் மறந்துவிடுகிறார்கள். 1965ஆம் வருஷத்துப் பொதுக் கட்டட உரிமச் சட்டப்படி பள்ளிக் கட்டடத்துக்கு உரிமம் தருபவர் தாசில்தார். பள்ளி அங்கீகாரம் புதுப்பிக்க இந்த உரிமம், கட்டட உறுதிச் சான்று, சுகாதாரச் சான்று, தீயணைப்புச் சான்று நான்கும் வேண்டும். ஷெட்டில் வகுப்பு நடந்தால் இந்த நான்கிலும் அது இருக்க வேண்டும். பெரும்பாலும் ஒன்றிலும் இருக்காது.

ஒரு பள்ளி வரைபடத்தில் ஷெட்டை ‘சைக்கிள் நிறுத்துமிடம்’ என்று காட்டியிருந்தது. ஆய்வு அன்று பெஞ்சுகளை மொட்டை மாடிக்கு ஏற்றிவிட்டு, சைக்கிளை வரிசையாக நிறுத்தி, தரையெல்லாம் கழுவிவிட்டார்கள். கரும்பலகையைக் கழற்றியவர்கள் அதன் பக்கத்தில் சுவரில் சாக்பீஸால் எழுதியிருந்ததை அழிக்க மறந்துவிட்டார்கள்: ‘வருகை 41, வராதோர் 2.’ ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) டேப்பைச் சுருட்டிக்கொண்டே கேட்டார், “அந்த வராத ரெண்டு சைக்கிள் எதுங்க?”

தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்பவர்களுக்கு ஒன்று. 10 ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டி, தாலுகா ஆபீஸ் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். ‘ஏன் அனுமதித்தீர்கள்’ என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் வராது. ‘நடப்பு உரிமத்தின் நகல், அதோடு இணைத்த வரைபடத்தின் நகல்’ என்று மட்டும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். காகிதம் கைக்கு வந்தால் யாருடைய ஷெட்டு எந்தப் பெயரில் நிற்கிறது என்று தானாகத் தெரியும்.

மூணாவது சந்து

ஓட்டுவீடு சார், தண்ணி விஷயம் சரி. ஆனா எப்பவும் பள்ளிமேலயே பழி போடறது நியாயமில்ல. சுவரை ஒட்டி அரை அடியில சமையலறை ஜன்னல் வச்சிருந்தா அந்த வீட்டுக்காரர் எத்தனை அடி செட்பேக் (எல்லைக்கும் வீட்டுக்கும் நடுவுல விடற இடம்) விட்டார்? அவர் பிளானையும் எடுத்துப் பாருங்க. இந்த மாதிரி சண்டையில பள்ளி வக்கீல் முதல்ல எடுக்கறது எதிர்வீட்டு பிளானைத்தான்.

“வெளிச்சம் போச்சு, காத்து போச்சு”ன்னு மனு போடறவங்களுக்கும் சேர்த்துச் சொல்றேன். 1882ஆம் வருஷத்து வசதியுரிமைச் சட்டத்துல வெளிச்சம், காத்துக்கான உரிமை 20 வருஷம் தடையில்லாம அனுபவிச்சா தான். அஞ்சு வருஷம் முன்னாடி கட்டின வீட்டுக்கு அது இல்ல. அப்படி இருந்தாலும் கணிசமான பாதிப்புன்னு காட்டணும்.

பிள்ளைங்க வாய்ப்பாடு சொல்ற சத்தத்துக்கு டெசிபல் மீட்டர் தூக்கிட்டுப் போற ஆளுங்களும் உண்டு. 2000ஆம் வருஷ ஒலி மாசு விதியில குடியிருப்புக்குப் பகல்ல 55 டெசிபல். அதே விதியில பள்ளியைச் சுத்தி 100 மீட்டரை அமைதி மண்டலமா அறிவிக்கலாம், அங்க 50. அந்த மண்டலம் பள்ளியைக் காப்பாத்தத்தான், பள்ளிகிட்டேருந்து காப்பாத்த இல்ல. நிஜமா தொந்தரவுன்னா பிரேயர் மைக்கைப் பத்திப் புகார் குடுங்க. ஒலிபெருக்கிக்கு எழுத்துல அனுமதி வேணும், அது தெளிவா இருக்கு.

எஃப்எம்பி

அரசுப் பள்ளிக் கதை வேறு. 2021 டிசம்பர் 17-ல் நெல்லையில் பள்ளிக் கழிவறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் இறந்தபின், மாநிலம் முழுக்கப் பழுதான கட்டடங்களை வேகமாக இடித்தார்கள். புதுக் கட்டடம் அந்த வேகத்தில் வரவில்லை. வகுப்புகள் சமுதாயக் கூடத்துக்கும் மரத்தடிக்கும் போயின. ஒரு கிராமத்தில் ஊர்ப் பணத்தில் பள்ளிக்கு ஒட்டினாற்போல் ஷெட்டு எழுந்தது. பின்னால் இருந்த மூன்று வீட்டுக்காரர்கள் ‘வண்டிப் பாதை போச்சு’ என்று மறியலில் உட்கார்ந்தார்கள்.

இங்கே அப்ரூவல், உரிமம் எல்லாம் பிறகுதான். முதல் கேள்வி இடம் யாருடையது என்பது. சர்வே நம்பருக்கு அ-பதிவேடு (நிலம் யாருடையது, என்ன வகை என்று சொல்லும் கிராமப் பதிவேடு) நகல், எஃப்எம்பி படம் (புல அளவு வரைபடம்), இரண்டும் எடுத்தார்கள். பாதை படத்தில் இருந்தது. தரையில் எல்லைக் கல் இல்லை. சர்வேயர் வேறு இரண்டு கல்லிலிருந்து அளந்து வந்து முளை அடித்த இடம், ஷெட்டின் மூன்றாவது தூணின் அடிக் கான்கிரீட். ஓரமாகக் கொத்திப் பார்த்தால் உள்ளே எல்லைக் கல் படுத்திருக்கிறது. குழி நிரப்ப ஜல்லி போதாமல் மேஸ்திரி பக்கத்தில் நட்டிருந்த கல்லையே பிடுங்கிப் போட்டிருக்கிறார். கூட்டத்தில் ஒருத்தரும் பேசவில்லை. தூணைப் பெயர்த்து மூன்றடி உள்ளே நட்டதில் வகுப்பு 20 அடியிலிருந்து 17 அடி ஆனது, பாதை திறந்தது.

வெல்டிங் பட்டறை

2018 நவம்பர் 16, கஜா புயல். வேதாரண்யம் பக்கம் ஒரு பள்ளி ஷெட்டோட ஓரத்து ஷீட்டு பக்கத்து வீட்டுத் தென்னையில வேட்டி மாதிரி சுத்திக்கிட்டு நின்னுது. அது அறுத்திருந்தா மனுஷன் ரெண்டு துண்டு. ராத்திரிங்கறதால பள்ளியில யாரும் இல்ல. கதை அவ்வளவுதான்.

கேக்கலேன்னாலும் சொல்றேன், ஏன்னா சண்டையில பாதி வேலை சரியில்லாததால வர்றது. காத்து முதல்ல தூக்கறது ஓரத்தையும் மூலையையும். நடுவுல ஒரு பர்லினுக்கு (ஷீட்டைத் தாங்கற குறுக்குக் கம்பி) எத்தனை ஸ்க்ரூவோ, ஓரத்துல அதுக்கு ரெண்டு மடங்கு அடிக்கணும். பர்லின் இடைவெளி 4 அடிக்கு மேல போகக்கூடாது. ஸ்க்ரூ ஷீட்டோட மேட்டுல இறங்கணும், பள்ளத்துல அடிச்சா அந்த ஓட்டை வழியாவே தண்ணி வரும். ரொம்ப இறுக்கினா ரப்பர் வாஷர் பிதுங்கி ரெண்டு வெயில்ல வெடிச்சிடும், அப்புறம் ‘ஷீட்டு மட்டம்’னு கடைக்காரனைத் திட்டுவாங்க. நீளவாக்குல ஷீட்டு சேர்ற இடத்துல குறைஞ்சது 6 அங்குலம் ஏத்தணும். சரிவு 10 அடிக்கு 1 அடி.

தூணை வெறுமனே மண்ணுல சொருகக்கூடாது. குழியில கான்கிரீட், அதுல ஆங்கர் போல்ட்டு, மேல பேஸ் பிளேட். சுத்தி சுவரில்லாத ஷெட்டுக்கு இன்னும் ஆழமா வேணும், ஏன்னா காத்து உள்ள புகுந்து கூரையைக் குடை மாதிரி தூக்கும்.

ஓட்டுவீடு அண்ணே சொன்ன ஷெட்டுக்கு வருவோம். மணிக்கு 100 மி.மீ. மழைன்னு எடுத்துக்கிட்டா 4 அங்குலக் குழாய் ஒண்ணு சுமார் 40 சதுர மீட்டர் கூரையைத்தான் தாங்கும். 111-க்கு மூணு குழாய் வேணும். கட்டரை ரெண்டு பக்கமும் இறங்கற மாதிரி நடுவுல கொஞ்சம் ஒசத்திப் பிடிக்கணும், குழாய் வாய்க்குக் கம்பி வலை போடணும். இல்லேன்னா வேப்பிலை அடைச்சு, கட்டர் நிரம்பி, பழைய கதைதான். குழாய்த் தண்ணி பள்ளி மனைக்குள்ளேயே மழைநீர்த் தொட்டிக்குப் போகணும். சுவரோரம் விட்டா சுவர் அடி அரிச்சு அது ஒரு நாள் சாயும்.

சூட்டுக்கு 50 மி.மீ. பஃப் பேனல் (ரெண்டு தகட்டுக்கு நடுவுல நுரை வச்சது) போட்டுக்கங்க, மழைச் சத்தமும் குறையும். வாத்தியார் குரலும் கேக்கும், பக்கத்து வீட்டு டிவியும் கேக்கும்.

கீற்று

பஃப் பேனலை இவ்வளவு சுலபமாகச் சொல்லாதீர்கள் அண்ணே. உள்ளே இருப்பது பாலியூரிதேன் நுரை. பற்றினால் புகையே கொல்லும். பள்ளிக்கு ராக்வூல் (கல் நார்) வைத்த பேனல் கேளுங்கள், விலை கூடத்தான். கதவு இரண்டு, இரண்டும் வெளிப்பக்கம் திறக்க வேண்டும். சுற்றுச்சுவரை ஒட்டிய அந்த இரண்டடிச் சந்தில் ஒரு கதவைத் திறந்து வைத்து ‘அவசர வழி’ என்று எழுதுவதெல்லாம் கணக்கில் வராது.

2004 ஜூலை 16-ல் கும்பகோணத்தில் 94 குழந்தைகள் போனபின் பள்ளிகளில் கீற்றுக் கூரையைப் பிரித்து ஷீட்டு போட்டார்கள். அப்படிப் போட்ட ஒரு ஷெட்டில், சித்திரை வெயில் தாங்காமல் ஷீட்டுக்கு மேலேயே தென்னங்கீற்றைப் பரப்பியிருந்தார்கள். கீழே இருந்து பார்த்தால் தெரியாது. சத்துணவுக் கூடத்துப் புகை அதன் வழியே கசிந்து வருவதை மாடியிலிருந்து பார்த்துச் சொன்னது, ஷெட்டை எடுக்கச் சொல்லி ரெண்டு வருஷமாக மனு போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர்தான்.

கோர்ட் வராண்டா

எல்லாரும் விட்ட ஒன்று: கிழமை. வெள்ளி சாயங்காலம் பள்ளி விட்டதும் வெல்டிங் வண்டி வரும், திங்கள் காலை முதல் மணி அடிக்கும்போது வகுப்பு நடக்கும். ஒரு வழக்கில் வீட்டுக்காரர் திங்கள் பத்தரைக்கு வேலையை நிறுத்தச் சொல்லி மனுவோடு டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) ஆபீசில் நிற்கிறார். அதே நேரம் பள்ளியில் நாலாம் வகுப்புக்கு ஆங்கிலக் கட்டுரை டெஸ்ட் நடக்கிறது. நிறுத்துவதற்கு வேலையே இல்லை.

1971ஆம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 57ஆம் பிரிவு நடந்துகொண்டிருக்கும் வேலையை நிறுத்த. முடிந்ததை அகற்றச் சொல்ல 56. நோட்டீஸ் வந்ததும் பள்ளி 49-ன் கீழ் ‘இருப்பதை வைத்துக்கொள்ள’ அனுமதி கேட்டுப் போட்டுவிடும், அது முடியும்வரை நோட்டீஸ் தூங்கும். அதற்கும் மேலே அரசிடம் 80-ஏ பிரிவில் மறுஆய்வு மனு. ஓட்டுவீடு சொன்ன அந்த நான்கு வருஷம் எங்கே போனது என்பதற்கு விடை இதில் இருக்கிறது.

“ஷெட்டு கட்டடமே இல்ல, அஸ்திவாரம் கிடையாது” என்று வாதாடுவார்கள். அது நிற்காது. 2023 வரை நடப்பில் இருந்த 1920ஆம் வருஷ நகராட்சிச் சட்டத்திலேயே கட்டடம் என்ற சொல்லுக்குள் கொட்டகையும் குடிசையும் இருந்தன, மரமோ உலோகமோ எதனால் செய்தாலும்.

சிவில் கோர்ட் என்றால் இன்னொரு ஓட்டம். பள்ளி சிவில் நடைமுறைச் சட்டம் 148-ஏ-யில் கேவியட் (எங்களைக் கேட்காமல் உத்தரவு போடாதீர்கள் என்ற முன்மனு) போட்டுவிட்டுத்தான் முதல் தூணை நடும். கேவியட் 90 நாள் நிற்கும், அதுவரை அவர்களைக் கேட்காமல் இடைக்காலத் தடை கிடைக்காது. தபாலில் கேவியட் நோட்டீஸ் வந்தால் தூக்கிப் போடாதீர்கள், வேலை வரப்போகிறது என்று அர்த்தம். அன்றைக்கே காலி இடத்தைத் தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள்.

ஓட்டுவீடு

வெல்டிங் பட்டறை சொன்னதை அப்படியே ஹெச்.எம்.மிடம் காட்டியாயிற்று. மூணாவது சந்துக்கு: ஜன்னல் சுவரை ஒட்டி இல்லை, வீடு நாலடி தள்ளித்தான் இருக்கிறது, தண்ணீர்தான் அவ்வளவு தூரம் பாய்ந்தது.

போன வாரம் கட்டர் மாட்டினார்கள். மூணு குழாய்க்குப் பதில் கடைசியில் ஒரே குழாய். தோசைமாவு வீட்டுக்கு இப்போது ஒரு சொட்டும் இல்லை. மொத்தமும் மூலையில் இருக்கும் டெய்லர் வீட்டு வாசலில் இறங்குகிறது. நேற்று அவர் வந்து மனு எப்படி எழுதுவது என்று கேட்டார்.