ரெய்ட் 5 ரீபில்ட் 61 சதவீதத்தில் நின்றுவிட்டது, இன்னொரு டிஸ்க்கும் விழுந்துவிட்டது. ஏதாவது வழி உண்டா?

பழையமைக்

நான்கு டிஸ்க் போடும் நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் மாட்டும் சேமிப்புப் பெட்டி) ஒன்று வைத்திருக்கிறேன். நான்கும் 4 டெராபைட், ரெய்ட் 5, அதாவது நான்கில் ஒரு டிஸ்க் போனாலும் மற்ற மூன்றை வைத்து டேட்டா பிழைக்கும் அமைப்பு. உள்ளே 6.3 டெராபைட் இருக்கிறது, கிட்டத்தட்ட முழுக்க வேவ் கோப்புகள். வயதானவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் பேசுவதைப் பதிவு செய்வது என் வேலை. ஒருவர் மூன்று மணி நேரம் பேசுவார், அதில் ஒரு மணி நேரம் இருமலும் மௌனமுமாகப் போகும். அதையும் வெட்டாமல் வைத்திருப்பேன். பதினோரு வருடச் சேர்மானம். பேசியவர்களில் பாதிப் பேர் இப்போது இல்லை, அதனால் மறுபடி பதிவு செய்துகொள் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

பேக்கப் எங்கே என்று கேட்பீர்கள். எடிட் செய்து முடித்தவை வேறு இடத்தில் இருக்கின்றன. மூலப் பதிவுகள் இந்தப் பெட்டியில் மட்டும்தான். ரெய்ட் இருக்கிறதே, அப்புறம் எதற்குப் பேக்கப் என்று நினைத்த ஆள் நான். திட்டுவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

நடந்தது இதுதான். மூன்றாவது டிஸ்க் பழுது என்று பெட்டி கத்தியது. உருவி எடுத்து மேசை இழுப்பறையில் போட்டேன். புதிய டிஸ்க் வந்து சேர 12 நாள் ஆனது. அந்த 12 நாளும் பெட்டியை அணைக்கவில்லை, புதிதாக நான்கு பதிவுகளை ஏற்றவும் செய்தேன். புதியதைப் போட்டதும் ரீபில்ட், அதாவது மற்ற டிஸ்க்குகளைப் படித்துப் புதியதை நிரப்பும் வேலை, ஓடத் தொடங்கியது. படுக்கப் போகும்போது 40 சதவீதம். காலையில் பார்த்தால் 61-ல் நிற்கிறது, முதல் டிஸ்க்கின் விளக்கு சிவப்பு, வால்யூம் செயலிழந்தது என்று செய்தி. அதன் கீழே ஒரு பட்டன்: புதிய வால்யூம் உருவாக்கு. விரல் அதுவரை போய்த் திரும்பியது.

பெட்டியை அணைத்துவிட்டேன். லினக்ஸ் டெர்மினல் ஓரளவு பழக்கம், ரெய்ட் பக்கம் போனதே இல்லை. நானே மீட்க முடியுமா, இல்லை டேட்டா மீட்பு ஆய்வகத்துக்குத்தான் அனுப்ப வேண்டுமா?

அவசரக்குடுக்கை

பயப்படாதீர்கள், எனக்கும் இதே ஆனது. டிஸ்க்குகளை ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டரில் மாட்டி, ரெய்டைக் கையாளும் எம்டிஅடம் கட்டளையில் கிரியேட் கொடுத்து, கூடவே அஸ்யூம் கிளீன் என்றும் போடுங்கள். அதே நான்கு டிஸ்க், அதே வரிசை. வால்யூம் அப்படியே எழுந்து வரும். அப்புறம் கோப்பு அமைப்பைச் சரிபார்க்கும் எஃப்எஸ்சிகே ஒன்று ஓட்டினால் முடிந்தது. ஐந்து நிமிட வேலை.

பாரிட்டிப்பித்தன்

பழையமைக், மேலே உள்ளதைச் செய்யாதீர்கள். தயவுசெய்து.

குடுக்கை அண்ணே, உங்களுக்கு அதிர்ஷ்டம் இருந்திருக்கிறது. கிரியேட் என்றால் பழைய சூப்பர்பிளாக்கை அழித்துப் புதிதாக எழுதுவது. எந்த டிஸ்க் எந்த இடம், சங்க் (ஒரு டிஸ்க்கில் ஒரு தடவைக்கு எழுதும் துண்டு) எவ்வளவு, டேட்டா எங்கே தொடங்குகிறது என்பதெல்லாம் எழுதியிருக்கும் ஒரே சீட்டு அதுதான். இன்றைய எம்டிஅடம் தானாக எடுத்துக்கொள்ளும் சங்க் 512 கிலோபைட், பல நாஸ் பெட்டிகளில் அது 64. டேட்டா தொடங்கும் இடமும் பதிப்புக்குப் பதிப்பு மாறும். தப்பான கணக்கில் எழுந்து நிற்கும் வால்யூமில் எஃப்எஸ்சிகே ஓட்டினால், நல்ல டைரக்டரியையெல்லாம் குப்பை என்று நினைத்து அது “சரிசெய்யும்”. அதோடு, அந்த நான்கில் ஒன்று பாதி மட்டும் நிரம்பிய புதிய டிஸ்க்.

இனி உங்களுக்கு. நான் பார்த்தவரை, ரீபில்ட் நடுவில் விழும் இரண்டாவது டிஸ்க் பெரும்பாலும் செத்திருக்காது. படிக்க முடியாத ஓரிரு செக்டர் வந்திருக்கும், பதில் வரத் தாமதமாகியிருக்கும், பெட்டி பொறுமை இழந்து வெளியே தள்ளியிருக்கும். 99.99 சதவீதம் இன்னும் படிக்கக்கூடியதாக இருக்கலாம். ஆனால் அது சாகும் வழியில் இருக்கலாம் என்பதையும் மறக்காதீர்கள். ஒவ்வொரு மணி நேர ஓட்டமும் கணக்கில் வரும்.

முதலில் இதைச் சொல்லுங்கள்: முதல் டிஸ்க் டக் டக் என்று தட்டுகிறதா, சுழன்று நின்று சுழல்கிறதா? அப்படியென்றால் கரண்டைப் பிடுங்கிவிட்டு ஆய்வகத்துக்கு அனுப்புங்கள், மேலே படிக்கத் தேவையில்லை.

சத்தம் இல்லையென்றால், ஒவ்வொரு டிஸ்க்காக லினக்ஸில் மாட்டி ஸ்மார்ட் விவரத்தையும் (டிஸ்க் தன் உடல்நிலையைப் பற்றித் தானே வைத்திருக்கும் குறிப்பு) எம்டிஅடம் எக்ஸாமின் காட்டுவதையும் எடுத்து இங்கே போடுங்கள். இரண்டும் வெறும் படிப்புதான், எதையும் எழுதாது. லைவ் யூஎஸ்பியில் பூட் செய்தால் அது தானாகவே அர்ரேயை (டிஸ்க்குகள் சேர்ந்த தொகுப்பை) எழுப்பப் பார்க்கும், எழுப்பியிருந்தால் நிறுத்திவிடுங்கள். யூஎஸ்பி டாக் வேண்டாம், நேரடி சாட்டா. சில டாக்குகள் பெரிய டிஸ்க்கின் செக்டர் அளவை மாற்றிச் சொல்லும், பார்ட்டிஷனே இல்லை என்று வரும், வீணாகக் கலங்குவீர்கள்.

இழுப்பறையில் போட்ட பழைய மூன்றாவதையும் பாருங்கள். அதைத் தூக்கி எறியவில்லையே?

பழையமைக்

எறியவில்லை. சத்தமும் இல்லை, நன்றாகவே சுழல்கிறது.

இவன்ட் எண்கள் (அர்ரே மாறும்போதெல்லாம் டிஸ்க்கில் ஏறும் எண்):
டிஸ்க் 2, டிஸ்க் 4: இரண்டிலும் 20418
டிஸ்க் 1: 20411
புதியது: 20418, ஆனால் ஸ்பேர் என்கிறது
பழைய 3: 19066

சங்க் 64 கிலோபைட் என்றே இருக்கிறது. டிஸ்க் 1-ன் ஸ்மார்ட்டில் 197-வது வரி, நிலுவை செக்டர் (படிக்க முடியாமல் நிற்பவை), 112. 199-வது வரி பூஜ்யம். பழைய 3-லும் நிலுவை செக்டர் இருக்கிறது, 24.

இந்த எண்களைப் பார்த்து அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

நள்ளிரவுஷிப்ட்

சிரிக்கலாம். 199 பூஜ்யம் என்றால் கேபிளைக் குறை சொல்ல வழியில்லை, நிஜமாகவே டிஸ்க்கின் பரப்பில்தான் கோளாறு. ஆனால் 20418-க்கும் 20411-க்கும் இடையே ஏழே படி. டிஸ்க் 1 வெளியே போனதும் வால்யூமும் நின்றுவிட்டது, அதற்குப் பிறகு எதுவும் எழுதப்படவில்லை. எனவே 1, 2, 4 மூன்றும் ஒரே நேரத்தைச் சேர்ந்தவை. ரெய்ட் 5-க்கு நான்கில் மூன்று போதும்.

பழைய 3 வேறு கதை. அது 12 நாள் பின்தங்கியது. அதை இப்போது சேர்க்காதீர்கள், ஆனால் பத்திரமாக வையுங்கள். அப்புறம் உதவும், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ஒரு சந்தேகம்: இந்தப் பெட்டியில் ஸ்க்ரப், அதாவது எல்லா டிஸ்க்கையும் முழுக்கப் படித்துச் சரிபார்க்கும் ஓட்டம், கடைசியாக எப்போது ஓடியது? யாரும் தொடாத பழைய கோப்பு இருக்கும் இடத்தில் செக்டர் கெட்டால் வருடக்கணக்கில் வெளியே தெரியாது. ரீபில்ட்தான் முதல் முறையாக மூலை முடுக்கெல்லாம் படிக்கும், அங்கே போய் மாட்டும்.

பழையமைக்

ஸ்க்ரப் என்ற சொல்லையே இன்றுதான் கேள்விப்படுகிறேன்.

பாரிட்டிப்பித்தன்

சரி, வேலைக்கு வருவோம்.

டிஸ்க் 1-ஐ, பழுதான டிஸ்க்கிலிருந்து படிக்க முடிந்ததை எடுக்கும் டிடிரெஸ்க்யூ வைத்து வேறொரு டிஸ்க்குக்கு குளோன் செய்யுங்கள். பாதி நிரம்பிய புதிய டிஸ்க்கை அதற்கு எடுத்துக்கொள்ளாதீர்கள், எல்லாம் முடியும் வரை அது அப்படியே இருக்கட்டும். மேப் கோப்பு, அதாவது எது வந்தது எது வரவில்லை என்ற குறிப்பு, கட்டாயம். அது இருந்தால்தான் நடுவில் நிறுத்தினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். முதல் சுற்றில் ஸ்கிரேப்பிங் வேண்டாம் என்று சொல்லுங்கள். கெட்ட இடத்தைத் தாண்டிக் குதித்து, நல்லதையெல்லாம் முதலில் வாரிக்கொள்ளும். இரண்டாம் சுற்றில் அந்தக் கெட்ட இடங்களைச் சுரண்டலாம். டிஸ்க் வழியிலேயே செத்துவிட்டாலும் பெரும்பகுதி கையில் இருக்கும்.

2, 4 இரண்டையும் குளோன் செய்ய இடம் இருந்தால் நல்லது. இல்லையென்றால் அவற்றின் மேல் ஓவர்லே போடுங்கள். டிவைஸ் மேப்பரின் ஸ்னாப்ஷாட் வசதிதான் இது: டிஸ்க்கின் மேல் ஒரு கண்ணாடித் தாளை விரித்து, எழுதுவதையெல்லாம் அந்தத் தாளிலேயே எழுதுவது போல. தப்பாகிவிட்டால் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கலாம். குளோன் மேலும் ஒன்று போடுங்கள்.

பிறகு அந்த மூன்று ஓவர்லேயையும் வைத்து எம்டிஅடம் அசெம்பிள், கூட ஃபோர்ஸ். கிரியேட் அல்ல, அசெம்பிள். ஏழு படி வித்தியாசத்தை ஃபோர்ஸ் சமன் செய்துவிடும். வரிசையைப் பற்றிக் கவலை வேண்டாம், எந்த டிஸ்க் எந்தத் துளையில் இருந்தது என்பது சூப்பர்பிளாக்கிலேயே இருக்கிறது. அதன் மேல் எல்விஎம் (டிஸ்க் இடத்தைப் பகுதி பிரிக்கும் அடுக்கு) இருந்தால் எழுப்புங்கள். கோப்பு அமைப்பு ஈஎக்ஸ்டி4 என்றால் வெறும் ரீட் ஒன்லி போதாது, நோலோட் என்றும் சேர்த்து மவுண்ட் செய்யுங்கள். இல்லாவிட்டால் ரீட் ஒன்லியிலும் ஜர்னலை (முடிக்காமல் விட்ட மாற்றங்களின் குறிப்பை) ஓட்டி எழுதிவிடும்.

பழையமைக்

நான்கு நாள் ஆகிவிட்டது. ஒரு நண்பரிடம் 8 டெராபைட் டிஸ்க் கடன் வாங்கினேன், மீட்டதைக் கொட்ட. குளோனுக்கு 4 டெராபைட் ஒன்று தனியாக.

முதல் சுற்று ஒன்பது மணி நேரத்தில் முடிந்தது. அதைப் பார்த்ததும் இவ்வளவுதானா என்று நெஞ்சை நிமிர்த்தினேன். அடுத்த சுற்று, விட்டுப்போன அந்தத் துளிக்காக, இரண்டு நாள் எடுத்துக்கொண்டது. ஒரு செக்டர், ஒரு நிமிட மௌனம், இன்னொரு செக்டர். என் பேட்டிகள் போலவே. கடைசியில் படிக்க முடியாமல் நின்றவை 86 இடங்கள், ஒவ்வொன்றும் 4096 பைட். மொத்தம் 344 கிலோபைட். நான்கு டெராபைட்டில்!

அசெம்பிள் செய்தேன். முதல் தடவை ஓவர்லே பெயரைத் தப்பாகக் கொடுத்து டிஸ்க் 2-ஐ இரண்டு முறை சேர்க்கப் பார்த்திருக்கிறேன். தாளைக் கிழித்தேன், மறுபடி போட்டேன். நோலோட் போட்டு மவுண்ட் செய்ததும் ஃபோல்டர்கள் வரிசையாக வந்து நின்றன. பதினோரு வருடமும். எல்லாவற்றையும் காப்பி எடுத்துவிட்டேன்.

இப்போது கேள்வி: அந்த 86 ஓட்டைகள் எந்தக் கோப்புகளில் விழுந்திருக்கின்றன என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஆயிரக்கணக்கான மணி நேரத்தை உட்கார்ந்து கேட்க முடியாது.

நள்ளிரவுஷிப்ட்

டிடிரெஸ்க்யூவில் ஃபில் மோட் இருக்கிறது. மேப் கோப்பை வைத்து, குளோனில் அந்த 86 இடங்களில் மட்டும் வேறெங்கும் வராத ஒரு சொல்லை நிரப்பச் சொல்லுங்கள். அப்புறம் மறுபடி அசெம்பிள் செய்து, எல்லாக் கோப்புகளிலும் கிரெப் மூலம் அந்தச் சொல்லைத் தேடுங்கள்.

இதில் ஒரு ஓட்டை உண்டு. மூன்று டிஸ்க் மட்டும் இருப்பதால், டிஸ்க் 3-ல் இருந்திருக்க வேண்டியது மற்ற மூன்றையும் எக்ஸ்ஓஆர் (பிட் பிட்டாகச் சேர்க்கும் கணக்கு) செய்துதான் வருகிறது. ஆகவே டிஸ்க் 1-ல் ஒரு செக்டர் போனால், அதே வரிசையில் டிஸ்க் 3-ன் செக்டரும் போய்விடும். அந்த வரிசையில் டிஸ்க் 1-ல் இருந்தது பாரிட்டி (மற்றவற்றிலிருந்து கணக்கிட்டு வைக்கும் மீட்புப் பங்கு) என்றால் இன்னும் மோசம்: சேதம் டிஸ்க் 3-ன் பங்கில் மட்டும் விழும், உங்கள் அடையாளச் சொல் உருத்தெரியாமல் குழம்பியிருக்கும், கிரெப்புக்கு அகப்படாது. நான்கு டிஸ்க்கில் பாரிட்டி சுற்றி வருவதால் ஏறத்தாழ நான்கில் ஒரு ஓட்டை அப்படி இருக்கும்.

அவற்றைப் பிடிக்க ஒரு வழி: இரண்டு வெவ்வேறு சொற்களால் நிரப்பி, இரண்டு முறையும் எல்லாக் கோப்புகளுக்கும் செக்சம் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) எடுங்கள். எந்தக் கோப்பின் செக்சம் மாறுகிறதோ அதில் ஓட்டை இருக்கிறது.

இப்போது பழைய 3-க்கு வருவோம். அந்த 12 நாளில் தொடப்படாத பகுதிகளில் அது இன்னும் சரியான டேட்டாதான். 2, 4, பழைய 3 மூன்றையும் தனி ஓவர்லேயில் அசெம்பிள் செய்தால், டிஸ்க் 1-ல் இருந்தது கணக்கில் தானாக வரும். பழைய கோப்புகளை மட்டும் அங்கிருந்து எடுங்கள். எடுத்ததை முன்பு மீட்ட பிரதியோடு பைட் பைட்டாக ஒப்பிடுங்கள். ஓட்டை விழுந்த இடங்களில் மட்டும் வித்தியாசம் வந்தால் நம்பலாம். வேறெங்காவது வந்தால், பக்கத்தில் ஏதோ எழுதப்பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

அவசரக்குடுக்கை

அந்த ஐந்து நிமிட யோசனையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். என் பெட்டியில் ஸ்க்ரப் ஓடவிட்டுவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

பழையமைக்

முடிந்தது. செக்சம் மாறியவை ஆறு கோப்புகள். கிரெப் காட்டியவை நான்குதான், மற்ற இரண்டும் பாரிட்டியில் ஒளிந்திருந்தவை. மீதி ஓட்டைகள் காலி இடத்தில் விழுந்திருக்கின்றன.

ஆறில் ஐந்து பழைய பதிவுகள். இழுப்பறை டிஸ்க்கின் புண்ணியத்தில் ஐந்தும் முழுதாக வந்துவிட்டன. ஒப்பிட்டுப் பார்த்தேன், ஓட்டைகளைத் தவிர ஒரு பைட் கூட மாறவில்லை. அதை உருவிய அன்றே குப்பையில் போட இருந்தேன், பொட்டலம் கட்டச் சோம்பல், அவ்வளவுதான்.

ஆறாவது அந்த 12 நாளில் ஏற்றியது. அதற்கு வழியில்லை. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ என்றால் ஒரு நொடிக்கு 2,88,000 பைட். 4096 பைட் என்பது 0.014 நொடி. போட்டுக் கேட்டேன், இரண்டு மணி பதினேழாவது நிமிடத்தில் ஒரு ‘டிக்’. பாட்டி வெற்றிலை இடிக்கும் சத்தத்துக்கு நடுவில் வருகிறது. எது ஓட்டை, எது உலக்கை என்று அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது. அதை அப்படியே விட்டுவிட்டேன்.

இனி நீங்கள் திட்டலாம்.