பழ ஓட்ஸ் பேக்: ஓரம் ரப்பர், நடுவில் கொழகொழ, அடியில் தண்ணீர். எங்கே தவறு?

செந்தூல் வாசி (கோலாலம்பூர்):

வணக்கம். வேலை நாள்களில் காலையில் பசியாற, முதல் நாள் இரவே ஓவனில் வைத்தெடுக்கும் பழ ஓட்ஸ் செய்கிறேன். ஒரு பங்கில் 20 கிராமுக்குக் குறையாமல் புரதம் இருக்க வேண்டும்.

இப்போதைய அளவு, 4 பங்குக்கு: ரோல்ட் ஓட்ஸ் 120 கிராம், வே புரோட்டீன் பவுடர் (பால் திரிந்த தண்ணீரிலிருந்து எடுக்கும் புரதப் பொடி) 60 கிராம், முட்டை 2, பால் 300 மில்லி, மசித்த வாழைப்பழம் 2, நறுக்கிய அன்னாசி ஒரு கப். உயரமான பீங்கான் கிண்ணத்தில் 190 டிகிரி, 45 நிமிடம்.

ஓரம் ரப்பர் மாதிரி இழுக்கிறது. நடுவில் இறுகவே இல்லை. வெட்டினால் அடியில் தண்ணீர் நிற்கிறது, லேசான கசப்பும் உண்டு. மறுநாள் குளிர்பெட்டியிலிருந்து எடுத்தால் கல். வீட்டில் அம்மாவுக்கு வெள்ளிக்கிழமை சைவம் என்பதால் முட்டை இல்லாத முறையும் தேவை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸ் அடுப்படி:

கசப்புக்கும் நடுவில் இறுகாததற்கும் முதல் காரணம் அன்னாசி. அதிலுள்ள புரோமிலேன் என்ற நொதி புரதத்தை வெட்டித் துண்டாக்கும். பால் புரதம் அப்படி வெட்டுப்படும்போது கசக்கும், முட்டைப் புரதம் வெட்டுப்பட்டால் பிடிப்பு விட்டுப்போகும். ஓவன் சூட்டில் அந்த நொதி செத்துவிடாதா என்று கேட்கலாம். சாகும், ஆனால் தாமதமாக. உயரமான கிண்ணத்தின் நடுப்பகுதி 50, 60 டிகிரியைக் கடக்க நெடுநேரம் எடுக்கும். அந்தச் சூட்டில்தான் நொதி மிகச் சுறுசுறுப்பாக வேலை செய்யும்.

அன்னாசிதான் வேண்டுமென்றால் நடுத்தண்டை வெட்டி எறியுங்கள், நொதி அதில் கூடுதல். சதையைச் சிறு துண்டாக்கி, எண்ணெய் இல்லாத வாணலியில் 7, 8 நிமிடம், சாறு வற்றி விளிம்பு பொன்னிறமாகும்வரை வதக்கி, ஆறவைத்துச் சேர்க்கலாம். டின் அன்னாசி ஏற்கெனவே வெந்தது, வடித்தால் போதும். பப்பாளியிலும் இதே மாதிரி ஒரு நொதி உண்டு, தண்ணீரும் அதிகம். அதை இந்தப் பக்கமே கொண்டுவர வேண்டாம். மாம்பழம், வாழை, பலா மூன்றிலும் இந்த அளவுக்குத் தொல்லை கிடையாது.

அடுத்து வே பவுடர். சுமார் 70 டிகிரிக்கு மேல் வே புரதம் ஒன்றோடொன்று இறுகப் பின்னிக்கொண்டு, உள்ளே இருக்கும் தண்ணீரை வெளியே பிழியும். நீங்கள் சொன்ன ரப்பர் ஓரமும் அடித்தண்ணீரும் ஒரே காரியத்தின் இரண்டு முகம். 4 பங்குக்கான மொத்தக் கலவைக்கும் 30 கிராமைத் தாண்டாதீர்கள். அதைவிட நல்லது, பவுடரை ஓவனுக்குள் விடாமல், ஆறியபின் கெட்டித் தயிரில் கலக்கி மேலே பூசிச் சாப்பிடுவது. புரதம் அதேதான், வாய்க்கு மெத்தென்று இருக்கும்.

தாமான் துன் சமையல்:

மேலே சொன்னது அத்தனையும் சரி. என் பங்குக்கு முழு அளவைத் தருகிறேன். வே பவுடரே இல்லை.

ரோல்ட் ஓட்ஸ் 120 கிராம், கொழுப்பு நீக்கிய பால் பவுடர் 50 கிராம், பேக்கிங் பவுடர் 1 தேக்கரண்டி, உப்பு 2 சிட்டிகை. ஏ கிரேட் முட்டை 4, கிரீக் தயிர் (தண்ணீர் வடித்த கெட்டித் தயிர்) 300 கிராம், தோல் உரித்து எடை போட்ட வாழைப்பழம் 300 கிராம். மேலே வைக்க மாம்பழமோ பலாச்சுளையோ 150 கிராம்.

புரதக் கணக்கு: முட்டை சுமார் 28 கிராம், தயிர் 27, பால் பவுடர் 17, ஓட்ஸ் 15, வாழைப்பழம் 3. மொத்தம் 90, பங்குக்கு 22 கிராமுக்குக் கொஞ்சம் மேலே.

தயிரில்தான் பலர் ஏமாறுகிறார்கள். டப்பாவில் ‘கிரீக் ஸ்டைல்’ என்றிருக்கும், பின்பக்கம் பார்த்தால் 100 கிராமுக்குப் புரதம் 4 கிராம்தான், மீதிக் கெட்டி மாவுச்சத்தாலும் கிரீமாலும் வந்தது. 9 கிராமாவது இருப்பதை வாங்குங்கள்.

வாழைப்பழத்தில் பீசாங் பெராங்கான் வகை நல்லது, தோலில் கரும்புள்ளி விழுந்திருக்க வேண்டும். பீசாங் மாஸ் இன்னும் இனிப்பு. இரண்டிலும் சர்க்கரை தேவைப்படாது.

பால் பவுடரை ஈரத்தில் கொட்டினால் கட்டி தட்டும், முதலில் ஓட்ஸோடு பிசறுங்கள். வேறு பாத்திரத்தில் வாழைப்பழத்தை மசித்து முட்டை, தயிர் சேர்த்து அடித்து, ஓட்ஸை அதில் கலந்து 15 நிமிடம் ஊறவிடுங்கள். இந்த ஊறலைத் தவிர்த்தால் ஓட்ஸ் கீழே படிந்து, மேலே வெறும் முட்டைக் கட்டி நிற்கும். பேக்கிங் பவுடர் ஓவனுக்குப் போகும் முன் கடைசியாக. இன்ஸ்டன்ட் ஓட்ஸ் வேண்டாம், கஞ்சியாகிவிடும்.

உங்கள் உயரக் கிண்ணத்தை ஓரங்கட்டுங்கள். 20 சென்டிமீட்டர் சதுரத் தட்டு, கலவை 3 சென்டிமீட்டர் உயரம், 170 டிகிரி, நடு அடுக்கு, 35 முதல் 40 நிமிடம். பழத் துண்டுகளைத் துணியில் ஒற்றி ஈரம் எடுத்து, 20ஆம் நிமிடத்தில் மேலே அடுக்குங்கள். அதற்குள் மேற்பரப்பு ஆடையாக இறுகியிருக்கும், துண்டு முழுகாது. (ஹருமானிஸ் மாம்பழம் கிடைத்தால் ஓவனில் வைக்காதீர்கள். அந்த வாசனைக்கு அப்படியே சாப்பிடுவதுதான் மரியாதை.)

தட்டை லேசாக ஆட்டிப் பாருங்கள். ஓரம் அசையாமல், நடுவில் 50 காசு நாணயம் அளவு மட்டும் ஆடினால் எடுத்துவிடலாம். வெப்பமானி இருந்தால் நடுவில் 80 டிகிரி. 90 தொட்டால் முட்டை திரிந்து தண்ணீர் விடும். வெளியே எடுத்து 15 நிமிடம் கழித்து வெட்டுங்கள், அதற்குள் நடுப்பகுதியும் இறுகிவிடும்.

செந்தூல் வாசி:

மிக்க நன்றி. கிரீக் தயிர் விலை கட்டவில்லை. வீட்டுத் தயிரை வடிகட்டினால் ஆகுமா?

தாமான் துன் சமையல்:

தாராளமாக. 700 கிராம் தயிரை மெல்லிய துணியில் கட்டி, வடிதட்டில் வைத்து, குளிர்பெட்டிக்குள் 8 மணி நேரம். ஏறக்குறைய பாதியாக வற்றும். சமையல் மேடையில் தொங்கவிட வேண்டாம், நம் ஊர்ச் சூட்டில் காலைக்குள் புளித்துவிடும். வடிந்த தண்ணீரோடு கொஞ்சம் புரதம் போகும், அதற்கு ஈடாகப் பால் பவுடரை 60 கிராமாக்குங்கள்.

ஆயர் ஈத்தாம் அக்கா (பினாங்கு):

தம்பி, அம்மாவுக்கு முட்டையில்லாத முறை இதோ.

கெட்டியான தவ்குவா (சோயா பால் கட்டி, டோஃபு) 300 கிராம். துணியில் சுற்றி மேலே அம்மிக்குழவியோ கனமான சட்டியோ 20 நிமிடம் வைத்துத் தண்ணீரை இறக்குங்கள். அதோடு வாழைப்பழம் 250 கிராம், பால் 150 மில்லி சேர்த்து, நுனிவிரலால் தேய்த்தால் துகள் தட்டாத அளவுக்கு மிக்சியில் நைசாக அரையுங்கள். ஓட்ஸ் 100 கிராம், பால் பவுடர் 60 கிராம், பொட்டுக்கடலை மாவு 60 கிராம், பேக்கிங் பவுடர் 1½ தேக்கரண்டி. ஆளி விதைப் பொடி 2 மேசைக்கரண்டியை 6 மேசைக்கரண்டி தண்ணீரில் 15 நிமிடம் ஊறவைத்தால் வழவழவென்று வரும், முட்டைக்குப் பதில் பிடித்துக்கொள்வது அதுதான். பங்குக்குச் சுமார் 22 கிராம் புரதம். தவ்குவா கடைக்குக் கடை மாறும், பொட்டலத்தைப் பாருங்கள்.

கடலை மாவைப் போட்டுவிடாதீர்கள், பச்சை வாடை போகாது. பொட்டுக்கடலை ஏற்கெனவே வறுத்தது. இங்கே பினாங்கு லெபு பாசார் தெரு மாதிரி இடங்களின் மளிகைக் கடைகளில் வாங்கி வீட்டிலேயே பொடித்துச் சலிப்பது நல்லது. சோயா வாடைக்கு, எங்கள் பினாங்கு பாலிக் புலாவ் ஜாதிக்காயை அப்போதே துருவி கால் தேக்கரண்டி, கொஞ்சம் எலுமிச்சைத் தோல். 180 டிகிரி, 40 நிமிடம். இதில் முட்டை திரிகிற பயம் இல்லை, குச்சி விட்டால் ஒட்டாமல் வரவேண்டும். சூட்டோடு வெட்டினால் உதிரும், முழுக்க ஆறட்டும்.

பிரிக்ஃபீல்ட்ஸ் அடுப்படி:

மறுநாள் கல்லாவது பற்றி யாரும் சொல்லவில்லை. ஆவி அடங்கியபின் மூடி, 2 மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வையுங்கள், 3 நாள் தாங்கும். சூட்டோடு மூடினால் மூடியில் வியர்த்த தண்ணீர் மேலேயே சொட்டும். மைக்ரோவேவில் ஒரு துண்டுக்கு 1 மேசைக்கரண்டி பால் தெளித்து, பாதி சக்தியில் 90 விநாடி. முழுச் சக்தியில் வைத்தால் புரதம் மறுபடி இறுகும். உறைபெட்டி வேண்டாம், முட்டைத் தயிர்க் கலவை உருகும்போது தண்ணீர் விடும்.

செந்தூல் வாசி:

அக்கா, ரொம்ப நன்றி. கடைசியாக ஒன்று: 2 பங்கு மட்டும் ஏர் ஃப்ரையரில் செய்யலாமா?

ஆயர் ஈத்தாம் அக்கா (பினாங்கு):

செய்யலாம் தம்பி. அளவைப் பாதியாக்கி இரண்டு சின்னக் கிண்ணத்தில் ஊற்றி, 150 டிகிரி. காற்று நேராக மேலே அடித்துக் காயவைக்கும், அதனால் முதல் 15 நிமிடம் அலுமினியத் தாளால் மூடுங்கள். தாளை விளிம்புக்கு அடியில் இறுக மடியுங்கள், தளர்வாக விட்டால் பறந்து சூட்டுக் கம்பியில் ஒட்டும். பிறகு தாளை எடுத்துவிட்டு 8 முதல் 10 நிமிடம். பழத்தையும் அப்போதுதான் மேலே வைக்க வேண்டும்.