நீருக்கடி கிளைடர்: மூக்கு சாயவே மாட்டேன் என்கிறது

மூழ்கி:
புரொப்பெல்லர் இல்லாமல், மிதப்பை மட்டும் மாற்றி, மூக்கைச் சாய்த்து இறக்கையால் முன்னே சறுக்கி ஓடும் ஒரு சின்ன நீருக்கடி கிளைடர் செய்துகொண்டிருக்கிறேன். 9 செ.மீ. விட்டமுள்ள பிவிசி குழாய், மொத்த எடை 4 கிலோ. நடுவில் 60 மி.லி. சிரிஞ்சு, அதன் பிஸ்டனை ஸ்டெப்பர் மோட்டாரும் (படிப்படியாகச் சுழலும் மோட்டார்) லீட் ஸ்க்ரூவும் (சுழற்சியை நேர் நகர்வாக மாற்றும் நீளத் திருகு) தள்ளி இழுக்கின்றன. தண்ணீரை உறிஞ்சினால் மூழ்குகிறது, வெளியே தள்ளினால் மேலே வருகிறது, அதில் குறையில்லை. ஆனால் முன்னால் நகரவே இல்லை, லிஃப்ட் மாதிரி நேராக இறங்கி நேராக ஏறுகிறது. 400 கிராம் பேட்டரியை 3 செ.மீ. முன்னே தள்ளினாலும் மூக்கு லேசாகத்தான் சாய்கிறது. புரண்டுவிடக் கூடாதென்று அடியில் ஈயக்கட்டி நிறையவே வைத்திருக்கிறேன். இறக்கையைப் பெரிதாக்கினால் சரியாகுமா?

திருகாணி:
இறக்கையை இப்போதைக்குத் தொடாதீர்கள். உடல் கிட்டத்தட்ட படுத்தபடியே இறங்கும்போது தண்ணீர் இறக்கையின் அடிப்பரப்பில் நேராக மோதுகிறது, அந்தக் கோணத்தில் அது இறக்கையே இல்லை, வெறும் தட்டு. பெரிதாக்கினால் இன்னும் மெதுவாக இறங்கும், அவ்வளவுதான்.

கோளாறு அந்த ஈயத்தில்தான். ஈர்ப்பு மையம் (எடை முழுதும் செயல்படும் புள்ளி) மிதப்பு மையத்துக்கு (நீர் மேலே தூக்கும் விசை செயல்படும் புள்ளி) எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவு பிடிவாதமாக உடல் கிடைமட்டத்துக்குத் திரும்பும். 400 கிராமை 30 மி.மீ. நகர்த்தினால் 4 கிலோ உடலின் ஈர்ப்பு மையம் 3 மி.மீ. முன்னே போகும். இரண்டு மையங்களுக்கும் இடைவெளி 5 மி.மீ. என்றால் சாய்வு சுமார் 31 டிகிரி, 15 மி.மீ. என்றால் வெறும் 11. உங்களுடையது எவ்வளவு என்று முதலில் அளந்துவிடுங்கள்: மிதக்காமலும் மூழ்காமலும் நீருக்குள் நிற்கும்படி சரிசெய்து, உள்ளே ஒரு 50 கிராம் எடையை 10 செ.மீ. நகர்த்தி, எத்தனை டிகிரி சாய்கிறது என்று பாருங்கள். மீதி வெறும் கணக்கு.

கடற்பறவை:
திருகாணி சொல்வது சரி, ஆனால் சிரிஞ்சு ஏன் நடுவில்? அதை மூக்குக்குக் கொண்டுபோங்கள். உள்ளே வரும் தண்ணீர் மூக்கைக் கனமாக்கும், வெளியே போனால் மூக்கு லேசாகி மேலே தூக்கும், சாய்வில் பெரும்பகுதி இனாமாகவே கிடைத்துவிடும். கடலாய்வுக்குப் பயன்படும் ஸ்லோகம் கிளைடரிலும் மிதப்பை மாற்றும் அமைப்பு மூக்கில்தான் இருக்கிறது, பேட்டரியை நகர்த்துவது கோணத்தை நுணுக்கமாகச் சரிசெய்ய. உங்கள் கணக்கில் நடுநிலைக்கு (மிதக்காமலும் மூழ்காமலும் நிற்கும் நிலைக்கு) இருபுறமும் 30 கிராம், மையத்திலிருந்து 25 செ.மீ. தூரம், இடைவெளி 5 மி.மீ. ஆக இருந்தால் பேட்டரி அசையாமலேயே 20 டிகிரி. அதற்காக இடைவெளியை ஒரேயடியாகக் குறைத்துவிடாதீர்கள், பக்கவாட்டில் புரளாமல் காப்பதும் அதே இடைவெளிதான்.

இன்னொன்று, வெளிப்பக்க இடுக்குகளில் காற்றுக் குமிழி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். 10 மீட்டர் ஆழத்தில் குமிழி பாதியாகச் சுருங்கிவிடும், ஆழம் போகப்போக மிதப்பு குறையும், குறையக் குறைய இன்னும் வேகமாக இறங்கும்.

மூழ்கி:
அளந்தேன், 50 கிராமுக்கு 5 டிகிரிதான் சாய்ந்தது. அப்படியானால் இடைவெளி 14 மி.மீ. வருகிறது! ஈயத்தைக் குழாயின் நடு அச்சுக்குப் பக்கத்தில் ஏற்றி, சிரிஞ்சையும் மூக்குக்கு மாற்றப் போகிறேன். அப்புறம் ஒரு கேள்வி, தொட்டியில் நன்றாக ஓடினால் அப்படியே கடலில் விடலாமா?

திருகாணி:
விட்டால் மேலேயே மிதந்துகொண்டிருக்கும். கடல்நீர் லிட்டருக்கு சுமார் 25 கிராம் கூடுதல் கனம், உங்கள் 4 லிட்டர் உடலுக்கு அது 100 கிராம் கூடுதல் மிதப்பு, சிரிஞ்சால் கூட்டக்கூடியதோ 30 கிராம். கடலுக்குத் தனியாக ஈயம் சேர்க்க வேண்டும். வெப்பநிலையும் கணக்கில் வரும்: 20 டிகிரி நீருக்கும் 30 டிகிரி நீருக்கும் இடையே உங்கள் உடலுக்குச் சுமார் 10 கிராம் வித்தியாசம், அதாவது கையிருப்பில் மூன்றில் ஒரு பங்கு. பெரிய கிளைடர்களையும் இறக்கப்போகும் கடலின் அடர்த்திக்கு ஏற்றபடிதான் எடை கட்டி அனுப்புகிறார்கள்.

பாதரசம்:
குறுக்கே வந்து கேட்கிறேன், இத்தனை மெதுவான ஒன்றுக்கு இவ்வளவு பாடு எதற்கு? புரொப்பெல்லர் போட்டால் முடிந்ததே.

கடற்பறவை:
வேகம் வேண்டுமென்றால் புரொப்பெல்லர்தான், மறுக்கவில்லை. இந்தக் கிளைடர்கள் வினாடிக்கு கால் மீட்டர் அளவில்தான் ஊர்கின்றன. ஆனால் பெரிய கிளைடர்களில் நீரை வெளியே தள்ளும் பம்புக்குப் பெரிய வேலை அடியில் ஒருமுறைதான்: 1000 மீட்டர் ஆழத்தில் அரை லிட்டரை வெளியே தள்ள ஏறத்தாழ 5 கிலோஜூல், பம்பின் இழப்பைச் சேர்த்தால் இன்னும் கொஞ்சம். அதை வைத்து சில கிலோமீட்டர் சறுக்கலாம். 2009இல் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் ஸ்லோகம் கிளைடர் நியூ ஜெர்சியிலிருந்து கிளம்பி 221 நாளில் அட்லாண்டிக்கைக் கடந்து ஸ்பெயின் பக்கம் போய்ச் சேர்ந்தது.

மூழ்கி, லீட் ஸ்க்ரூ பின்னோக்கிச் சுழலாத வகைதானே? இல்லையென்றால் நீரழுத்தம் பிஸ்டனைத் தள்ளாமல் இருக்க மோட்டாருக்கு எந்நேரமும் மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், மிச்சம் பிடித்ததெல்லாம் அதிலேயே போய்விடும்.