ஹோமில் வளர்ந்தவர்கள், பிள்ளையை விடப் போனவர்கள், அங்கே வேலை செய்தவர்கள்: கொழும்பு அனுபவங்கள்

கொட்டாஞ்சேனை மகள்:

7 வயதிலிருந்து 13 வயதுவரை கொட்டாஞ்சேனைப் பக்கம் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு ஹோமில் வளர்ந்தேன். வெளியே உள்ளவர்கள் அதை அநாதை இல்லம் என்பார்கள். நான் அநாதை இல்லை. அம்மா ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் தங்கி வேலை செய்தார். அங்கே குசினிக்குப் பக்கத்தில் அம்மாவுக்குப் பாய் போட இடம் இருந்தது, எனக்கு இல்லை. அவ்வளவுதான் காரணம். எங்களோடு இருந்த நாற்பது பிள்ளைகளில் யாருமே இல்லாதவர்கள் என்றால் நாலைந்து பேர்தான். மற்றவர்களுக்கு அம்மா குவைத்தில் இருப்பார், அல்லது அப்பா குடியில் இருப்பார்.

மாதத்தின் முதல் ஞாயிறு பார்க்க வரும் நாள். அன்று காலை எல்லாருக்கும் இரட்டைப் பின்னல் போட்டு ரிபன் கட்டுவார்கள். எனக்கும் இன்னும் ஏழெட்டுப் பேருக்கும் மட்டும் கட்டமாட்டார்கள். கலைந்த தலையோடு பூசைக்குப் போக எனக்கு அவமானமாக இருக்கும். பத்து மணிக்கு அம்மா வந்ததும் பெரிய சிஸ்டர் ஒரு சீப்பையும் தேங்காய் எண்ணெய்ப் போத்தலையும் அவர் கையில் கொடுப்பார். "பிள்ளைக்கு நீங்களே பின்னிவிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

அதற்கு முன்பு அம்மா வந்தால் டொஃபியைக் கொடுத்துவிட்டு அழுவார், நானும் அழுவேன், நேரம் முடிந்துவிடும். சீப்பு கைக்கு வந்த பிறகு அழுகை நின்றது. படிக்கட்டில் உட்கார்ந்து என்னை முழங்காலுக்கு நடுவில் இருத்திக்கொள்வார். விரல்களில் வெங்காய வாசமும் சவர்க்கார வாசமும் இருக்கும். பேன் பார்த்துக்கொண்டே, "இது என்ன காயம், யார் தள்ளினது, கணக்கில எத்தனை புள்ளி" என்று கேட்பார். சிஸ்டர்மாரிடம் சொல்லாத எல்லாவற்றையும் நான் முகத்தைக் காட்டாமல் அம்மாவிடம் சொன்னது அந்தப் படிக்கட்டில்தான். ஒருமுறை யாரும் பார்க்க வராத ஒரு சின்னப் பிள்ளை ரிபனை அவிழ்த்துவிட்டு வந்து நின்றாள். அம்மா அவளுக்கும் பின்னினார். அடுத்த மாதம் ஆறு பேர் வரிசையில். எனக்குப் பொறாமையாக இருந்தது, உண்மையைச் சொல்கிறேன்.

நாங்கள் சைவம். மாலைச் செபத்துக்கு எல்லாரோடும் இருப்பேன். ஆனால் அம்மா மணிப்பர்சில் கொண்டுவரும் திருநீற்றை என் நெற்றியில் பூசும்போது எந்தச் சிஸ்டரும் முகம் சுளித்ததில்லை. ஞானஸ்நானம் எடு என்று யாரும் கேட்டதும் இல்லை.

என் சித்தி மகனை வேறு ஓர் இடத்தில் விட்டிருந்தார்கள். அங்கே மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் பார்க்கலாம், அதுவும் ஒஃபிஸ் அறையில், பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்க. சாப்பாடு, உடுப்பு, படிப்பு ஒன்றுக்கும் குறையில்லை. இரண்டு வருடத்தில் அவன் சித்தியை "ஆன்ட்டி" என்று கூப்பிட்டான். அந்தச் சொல்லைச் சித்தி இன்னும் மறக்கவில்லை.

மட்டக்குளி அம்மா:

தங்கச்சி, நான் மறுபக்கத்திலிருந்து சொல்கிறேன். 2022இல் என் இரண்டு பிள்ளைகளையும் விட்டுவிட்டு வரத்தான் போனேன். என் கணவருடைய த்ரீவீல் இரண்டு நாள், மூன்று நாள் பெற்றோல் வரிசையில் நிற்கும். மூன்று மாத வாடகை பாக்கி. 400 கிராம் பால்மா 790 ரூபாவுக்கு ஏறிய வருடம் அது. ஒரு செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் மெழுகுதிரி கொளுத்திவிட்டு, பிள்ளைகளின் உடுப்பை ஒரு ஷொப்பிங் பேக்கில் கட்டிக்கொண்டு ஹோம் வாசலில் போய் நின்றேன்.

அங்கிருந்த சிஸ்டர் முதலில் பிள்ளைகளுக்குப் பாணும் பருப்பும் கொடுத்தார். பிறகு என்னிடம், "உனக்கு என்ன இல்லை, ஒவ்வொன்றாகச் சொல்" என்று ஒரு கொப்பியை எடுத்து எழுதினார். வாடகை, பால்மா, சின்னவனுக்குச் சப்பாத்து. எழுதி முடித்துவிட்டு, "இதில் பிள்ளைகளைப் பிரிக்கிற மாதிரி ஒன்றும் இல்லையே" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது, உதவி செய்ய மனமில்லாமல் சொல்கிறார் என்று நினைத்தேன். ஆனால் அடுத்த நாளிலிருந்து பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டதும் அங்கே போய்ச் சாப்பிட்டு, பாடம் படித்து, ஆறரைக்கு வீட்டுக்கு வந்தார்கள். எட்டு மாதம் உலர் உணவு தந்தார்கள். எனக்கு ஒரு தையல் கடையில் வேலை பிடித்துக் கொடுத்தார்கள். பிள்ளைகள் ஓர் இரவுகூட வெளியில் படுக்கவில்லை.

முன்னாள் மேட்ரன் (ஹோம் பொறுப்பாளர்):

அந்தச் சிஸ்டர் செய்ததுதான் சரியான முறை. 2009இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட மாற்றுப் பராமரிப்பு (பெற்றோரிடம் வளராத பிள்ளைகளுக்கான பராமரிப்பு) வழிகாட்டலிலும் அதுதான் இருக்கிறது: வறுமை ஒன்றை மட்டும் காரணமாக வைத்துப் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக்கூடாது. கொழும்பில் கிறிஸ்தவ சபைகள் இந்தச் சேவையை நூறு வருடத்துக்கு மேலாகச் செய்கின்றன, அவற்றில் ஒன்றான இரட்சணிய சேனை (Salvation Army) இலங்கைக்கு வந்ததே 1883இல். நான் சேர்ந்த காலத்தில் வாசலில் வந்த பிள்ளையை மறுக்காமல் வாங்குவதைத்தான் அன்பு என்று நினைத்தோம். நானும் வாங்கியிருக்கிறேன். சில பிள்ளைகளின் அம்மாவை அப்புறம் தேடியும் கண்டுபிடிக்க முடியவில்லை.

வீட்டில் அடி, துஷ்பிரயோகம் என்றால் கதை வேறு. அப்போது பிள்ளையை அந்த வீட்டில் விடவே கூடாது. 1929க்கு அழையுங்கள், அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம். எங்களிடம் நீதவான் கட்டளையோடு வந்த பிள்ளைகள் பலர் அப்படிப்பட்டவர்கள். இரவில் லைட்டை அணைக்க விடாத ஒரு பிள்ளைக்காக ஒரு வருடம் முழுதும் ஹோலில் பல்ப் எரிந்தது. அந்தப் பிள்ளைக்கு ஹோம் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பயம்.

ஓர் இடத்தில் பிள்ளையை விட வேண்டிய நிலை வந்தால், மாகாண நன்னடத்தைத் (ப்ரொபேஷன்) திணைக்களத்தில் பதிந்த இடமா என்று கேளுங்கள். நன்னடத்தை உத்தியோகத்தர் மூலமாகவே போங்கள். பிறப்புச் சான்றிதழைக் கட்டாயம் கொடுங்கள், ஒரு பிரதியை நீங்களும் வைத்திருங்கள். அது இல்லாமல் அடையாள அட்டைக்கும் சாதாரண தரப் பரீட்சைக்கும் நான் ஏறி இறங்கிய படிகள் கொஞ்சமல்ல.

18 வயது முடிந்து வெளியே போகிறவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஒரு சூட்கேஸ், ஒரு சான்றிதழ், பிறகு போர்டிங் தேட வேண்டும். எங்கள் பிள்ளைகள் சிலர் நத்தாருக்கு இன்னும் என் வீட்டுக்கு வருகிறார்கள்.

வெள்ளவத்தை சபைக்காரன்:

நான் மெதடிஸ்ட் சபை. மகளின் பிறந்தநாளுக்கு ஒரு ஹோமுக்குப் பகல் சாப்பாடு கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். போன வருடம் டிசம்பரில் திகதி கேட்டபோது எல்லா நாளும் புக் ஆகிவிட்டது என்றார்கள். பெப்ரவரிப் பக்கத்தைப் புரட்டினேன், வெறுமையாக இருந்தது. நாங்கள் சாப்பாடு கொடுத்த நாளில், சாப்பிடுவதற்கு முன்பு பிள்ளைகள் வரிசையில் நின்று எங்களுக்கு நன்றிப் பாட்டுப் பாடினார்கள். என் மகள் வயதுப் பிள்ளை ஒன்று, ஆறிக்கொண்டிருந்த புரியாணியைப் பார்த்துக்கொண்டே பாடினாள். இனி பாட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அக்கா, இந்தப் பிறந்தநாள் சாப்பாட்டுக் காசை வேறு எதற்குக் கொடுத்தால் நல்லது?

கொட்டாஞ்சேனை மகள்:

தம்பி, அம்மாமாரின் பஸ் காசுக்குக் கொடுங்கள். என் அம்மா கொழும்பிலேயே இருந்ததால் மாதாமாதம் வந்தார். தோட்டத்தில் இருக்கும் அம்மாமாருக்கு வந்து போகும் காசோடு ஒரு நாள் சம்பளமும் போய்விடும், அதனால்தான் வராமல் விடுகிறார்கள். ஹட்டன், நுவரெலியாவிலிருந்து வருகிறவர்களுக்குச் சனி இரவு தங்க இடமும் வேண்டும். உங்கள் சபை மண்டபத்தில் நாலு பாய் போட முடியுமா என்று போதகர் ஐயாவிடம் கேட்டுச் சொல்லுங்கள். எந்த ஹோமில் எத்தனை பேர் வருவார்கள் என்று நான் விசாரிக்கிறேன்.