மறு: டோக்கனுக்குத் தமிழில் என்ன? ‘நறுக்கு’ என்று வைக்கலாமா

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம்.

சாட்ஜிபிடி போன்ற மொழி மாதிரிகள் உரையை வெட்டி எடுத்துக்கொள்ளும் துண்டுக்கு டோக்கன் என்று பெயர். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு வில்லை, சொற்கூறு, அசை, துணுக்கு, அப்புறம் ‘டோக்கன் என்றே இருக்கட்டும்’ என்று இந்த இழையில் ஐந்து கருத்து வந்துவிட்டது. ஆறாவதாக நான் ஒன்று சொல்கிறேன்: நறுக்கு. ஓலை நறுக்கு என்கிறோமே, அதே நறுக்கு. காரணத்துக்குப் போகும் முன் எங்கள் அலுவலகத்தில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். இந்தச் சொல்லை நான் தேடத் தொடங்கியதே அதற்குப் பிறகுதான்.

நாங்கள் மூன்று பேர். கிரயப் பத்திரம், பாகப்பிரிவினைப் பத்திரம் போன்றவற்றைப் பெரிய மொழி மாதிரி ஒன்றிடம் கொடுத்து, எழுதிக்கொடுத்தவர் யார், வாங்கியவர் யார், சர்வே எண் என்ன, சக்குபந்தி (நான்கெல்லை) என்ன என்று ஒரு பக்கத்தில் எடுத்துத் தருகிறோம். 2023-இல் ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம் வந்தது, 12 பக்கம். அதே நீளமுள்ள ஆங்கில ஒப்பந்தங்களை அந்த மாதிரி ஒரே வாயில் வாங்கிக்கொண்டிருந்தது. தமிழ்ப் பத்திரத்தை மட்டும் அளவு மீறிவிட்டது என்று திருப்பிவிட்டது. சரி என்று இரண்டாகப் பிரித்து அனுப்பினோம். பிரித்த இடம் ‘ஆ’ ஷெட்யூல் சொத்தின் நான்கெல்லைக்கு நடுவில் விழுந்திருக்கிறது. வடக்கும் கிழக்கும் முதல் பாதியில் நின்றுவிட்டன. தெற்கும் மேற்கும் இரண்டாம் பாதியில் போய், சுருக்கத்தில் அடுத்த சொத்தோடு ஒட்டிக்கொண்டன. பத்திர எழுத்தர் ஒருவர் கண்ணில் பட்டதால் பிழைத்தோம். அவர் பார்க்காமல் விட்டிருந்தால் அண்ணன் தம்பிக்கு நடுவில் ஒரு வரப்புத் தகராறுக்கு நாங்கள் காரணமாகியிருப்போம்.

பக்கம் ஒன்றுதான், எழுத்தளவும் ஏறக்குறைய ஒன்றுதான். பிறகு தமிழுக்கு மட்டும் ஏன் இடம் போதவில்லை? இதற்கான பதில் டோக்கனில் இருக்கிறது. அதனால்தான் தமிழ்ச் சொல் அந்தப் பதிலைக் காட்டிக்கொடுக்க வேண்டும் என்கிறேன்.

‘வந்துகொண்டிருக்கிறார்கள்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். நம் கணக்கில் 13 எழுத்து. கணினி எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் மெய்க்குப் புள்ளி தனி, உயிர்மெய்க்குக் கொக்கியும் காலும் தனி என்பதால் 24 குறி. அவற்றைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட், ஆக 72 பைட். ‘தே ஆர் கமிங்’ என்பதை ஆங்கில எழுத்தில் அடித்தால் இடைவெளிகளோடு 15 பைட். மாதிரியின் வாசலுக்குள் நுழையும் முன்பே நாம் இவ்வளவு பின்தங்கி நிற்கிறோம்.

வாசலில் கத்தியோடு ஒரு நிரல் நிற்கிறது. பைட் இணைக் குறிமுறை என்ற அதன் உத்தியை 1994-இல் ஃபிலிப் கேஜ் கோப்புகளைச் சுருக்குவதற்காக எழுதினார். மாதிரியைப் பழக்கத் திரட்டிய பயிற்சி உரையில் அடிக்கடி பக்கத்தில் பக்கத்தில் வரும் இரண்டைக் கண்டுபிடித்து ஒன்றாக ஒட்டு, அதற்கு ஓர் எண் கொடு, மறுபடி தேடு, பட்டியல் நிரம்பும்வரை செய். அவ்வளவுதான் அதன் வேலை. பயிற்சி உரையில் பெரும்பகுதி ஆங்கிலம் என்பதால் ஆங்கிலச் சொற்கள் முழுசாக ஒட்டிக்கொண்டு பட்டியலில் ஏறிவிடுகின்றன. தமிழின் முறை வருவதற்குள் பட்டியல் நிரம்பிவிடுகிறது. நம் சொல் பொடிப்பொடியாக நறுக்குண்டு உள்ளே போகிறது.

> டோக்கன் என்பது சொல்லின் பகுதிதானே. ‘சொற்கூறு’ என்றால் எல்லோருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் தவறாகப் புரியும். கூறு என்றாலே பகுத்தறிந்து பிரித்தது என்ற எண்ணம் வருகிறது. நமக்குப் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்று ஆறு உறுப்பு பள்ளியிலேயே பழக்கம். ‘வந்தனன்’ என்பதைப் பிரிக்கச் சொன்னால் எட்டாம் வகுப்புப் பிள்ளை எங்கே பிரிக்குமோ, அங்கே இந்தக் கத்தி வெட்ட வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. ‘கி’யில் ககரம் ஒரு துண்டாகவும் அதன் கொக்கி இன்னொரு துண்டாகவும் போகலாம். அதைவிட மோசம், ஒரே குறியின் 3 பைட்டே இரண்டு பக்கமாகப் பிரியலாம். விடை சொட்டுச்சொட்டாகத் திரையில் வரும்போது நடுவில் ஒரு கறுப்புச் சாய்சதுரமும் அதற்குள் கேள்விக்குறியும் மின்னி மறைவதைப் பார்த்திருப்பீர்கள். ஓர் எழுத்தின் முதல் துண்டு வந்துவிட்டது, மீதி இன்னும் வரவில்லை. இதைக் ‘கூறு’ என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

‘வில்லை’யும் இதே காரணத்தால் ஒட்டவில்லை. வங்கியில் தரும் வில்லையும் சரி, மருந்து வில்லையும் சரி, ஒரே அச்சில் வார்த்த ஒரே அளவு. இலங்கைப் பாடநூல்களில் அது லென்சு வேறு. ‘துணுக்கு’ பத்திரிகைக்காரர்களுடையது, அவர்களிடமே இருக்கட்டும்.

> மக்கள் எல்லோரும் டோக்கன் என்கிறார்கள். ரேஷன் கடையில்கூட அதுதான் வழக்கு. எதற்கு வீண் வேலை?

இந்த மடல்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. ரேஷன் கடை டோக்கனின் அழகே ஒரு அட்டைக்கு ஒன்று என்பதுதான். யாராக இருந்தாலும் ஒன்று. மொழி மாதிரியின் டோக்கன் அப்படிக் கிடையாது. ‘10 லட்சம் டோக்கனுக்கு இவ்வளவு டாலர்’ என்று விலைப்பட்டியலைப் படிக்கும் தமிழர், ரேஷன் கடை நினைப்பில், எல்லா மொழிக்கும் ஒரே விலை என்று எடுத்துக்கொள்கிறார். நாங்களும் முதல் மாத பில் வரும்வரை அப்படித்தான் நினைத்தோம்.

2024 மே மாதம் ஜிபிடி-4ஓ என்ற மாதிரி வெளிவந்தபோது ஓப்பன்ஏஐ நிறுவனமே ஓர் ஒப்பீட்டை வெளியிட்டது. ஒரே சிறு அறிமுகப் பத்தி, 20 மொழிகளில். பழைய பட்டியலில் ஆங்கிலத்துக்கு 27 டோக்கன், தமிழுக்கு 116. புதிய பட்டியலில் ஆங்கிலத்துக்கு 24, தமிழுக்கு 35. அதாவது முன்பு நாம் ஆங்கிலத்தைப்போல் நான்கு மடங்குக்கு மேல் கொடுத்துக்கொண்டிருந்தோம். இப்போது ஒன்றரை மடங்கு. 2023 மார்ச்சில் ஜிபிடி-4-க்கு உள்ளீட்டு விலை 10 லட்சத்துக்கு 30 டாலர். ஜிபிடி-4ஓ வந்தபோது 5 டாலர். இரண்டையும் பெருக்கினால், அந்தத் தமிழ்ப் பத்தியை உள்ளே அனுப்பும் செலவு 20-இல் ஒரு பங்காகிவிட்டது. ஆங்கிலப் பத்திக்கு ஏறக்குறைய 7-இல் ஒரு பங்குதான். விலை இறங்கியதில் பாதிக் கதை கத்தியை மாற்றியதில் இருக்கிறது. ‘டோக்கன் விலை குறைந்தது’ என்ற வாக்கியத்தில் இந்தப் பாதி தெரியவே தெரியாது. ‘தமிழை இப்போது பெரிய நறுக்காக நறுக்குகிறார்கள்’ என்றால் தெரியும்.

விடை எழுதும்போது நறுக்கின் செலவு இன்னும் உறைக்கும். நாம் கொடுக்கும் உரையை மாதிரி ஒரே நேரத்தில் சேர்த்துப் படித்துவிடும். எழுதுவது மட்டும் ஒவ்வொரு நறுக்காகத்தான். மெட்டா நிறுவனத்தின் லாமா 2 மாதிரியின் பெரிய வடிவத்தில் 7,000 கோடி அளவுருக்கள், அதாவது பயிற்சியில் கற்றதைத் தாங்கும் எண்கள். ஒன்றுக்கு 2 பைட் என்றால் 140 ஜிபி. இவற்றை ஓட்டும் எச்100 என்ற ஜிபியு கணிப்பு அட்டையின் நினைவகம் 80 ஜிபி, ஆகவே ஒரு அட்டையில் அடங்காது. ஒவ்வொரு நறுக்கை வெளியே தள்ளவும் இந்த 140 ஜிபியையும் நினைவகத்திலிருந்து ஒரு சுற்று படித்தாக வேண்டும். பல பேருடைய கேள்விகளை ஒன்றாகக் கட்டி ஒரே சுற்றில் ஓட்டுவதால்தான் கட்டுப்படியாகிறது. உள்ளீட்டைவிட விடைக்கு விலை அதிகம் வைப்பதற்கும் இதுதான் காரணம். மூன்று நறுக்கில் முடிய வேண்டிய தமிழ்ச் சொல் ஒன்பதாக வந்தால் ஒன்பது சுற்று. மின்சாரமும் காத்திருப்பும் அதே கணக்கில் ஏறும். நீளமான உரையில் ஒவ்வொரு நறுக்கும் மற்ற நறுக்குகளைத் திரும்பிப் பார்க்கும் வேலை வேறு இருக்கிறது. நீளம் இரண்டு மடங்கானால் அந்த வேலை நான்கு மடங்கு.

அப்படியானால் பட்டியலைப் பெரிதாக்கித் தமிழ்ச் சொற்களைக் கொட்டிவிடலாமே என்று சென்ற மடலில் ஓர் அம்மா கேட்டிருந்தார்கள். செய்கிறார்கள். லாமா 2-இன் பட்டியல் 32,000. 2023-இல் அதைத் தமிழுக்குப் பழக்கித் தமிழ் லாமா செய்தபோது 16,000 தமிழ் நறுக்குகளை அதில் சேர்த்தார்கள். லாமா 3-இன் பட்டியலோ 1,28,256. ஆனால் பட்டியலில் ஏறும் ஒவ்வொன்றுக்கும் மாதிரிக்குள் ஒரு வரிசை எண்கள் வைக்க வேண்டும். லாமா 3-இன் சிறிய வடிவத்தில் வரிசைக்கு 4,096 எண். உள்ளே வருவதற்கு ஒரு அட்டவணை, வெளியே போவதற்கு ஒன்று. கணக்குப் போட்டால் மொத்தமுள்ள சுமார் 800 கோடியில் 100 கோடிக்கு மேல் பட்டியலே தின்றுவிடுகிறது. அதோடு, பயிற்சி உரையில் எப்போதோ ஒருமுறை வரும் நறுக்கை மாதிரி சரியாகக் கற்பதும் இல்லை. பட்டியல் நீண்டால் மட்டும் போதாது, தமிழ் உரையும் வேண்டும்.

> அசை என்ற அருமையான சொல் கையில் இருக்க ஏன் வெளியே தேடுகிறோம்?

நானும் முதலில் அசைக்குத்தான் சாய்ந்தேன். ஒரு வெண்பா என்னைத் திருப்பிவிட்டது. மாதிரியிடம் ஈற்றடியில் தளை தட்டாமல் ஒரு வெண்பா எழுதச் சொல்லிப் பாருங்கள். பார்வைக்கு வெண்பாவாக நான்கு அடி வரும். சீர் பிரித்தால் பெரும்பாலும் எங்கேயாவது இடிக்கும். நேரா நிரையா என்று பார்க்கக் குறில், நெடில், ஒற்று தெரிய வேண்டும். மாதிரிக்கு வந்து சேர்வதோ கண்டபடி வெட்டிய துண்டுகளின் எண்கள். எழுத்தே நேராகக் கண்ணில் படாதபோது மாத்திரையை எங்கே எண்ணுவது? இப்போது டோக்கனை ‘அசை’ என்று வைத்துவிட்டால், ‘அசையாகப் பிரித்துப் படிக்கும் மாதிரிக்கு அசை பிரிக்கத் தெரியவில்லை’ என்று எழுதிக்கொண்டு நிற்போம். அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே துல்லியமான பொருள் இருக்கிறது, அதைக் கலைக்க வேண்டாம்.

நறுக்குக்கு வருகிறேன். பெயராகவும் வினையாகவும் நிற்கும் சொல் இது. வெட்டுபட்டது என்பது சொல்லிலேயே இருக்கிறது. ஒரே அளவு என்ற வாக்குறுதி இல்லை. பொருளுள்ள துண்டு என்றும் சொல்லவில்லை. காய் நறுக்கும் யாருக்கும் தெரியும், பொடியாக நறுக்கினால் எண்ணிக்கை கூடும். எழுத்தோடு உறவும் உண்டு: நாலு வரி எழுதி அனுப்பிய ஓலைத்துண்டுதானே ஓலை நறுக்கு.

வெட்டும் நிரல் நறுக்கி, அது செய்யும் வேலை நறுக்கல், எண்கள் அடங்கிய அட்டவணை நறுக்குப் பட்டியல், ஒரு சொல் சராசரியாக எத்தனை துண்டாகிறது என்பது நறுக்கு வீதம். மாதிரி ஒரே நேரத்தில் எவ்வளவு உரையை வைத்துக்கொள்ளும் என்பதற்குச் ‘சூழல் சாளரம்’ என்று ஒன்று இந்த இழையில் எட்டிப் பார்த்தது. அதில் சூழலும் தெரியவில்லை, சாளரமும் தெரியவில்லை. அணைக்கும் தொட்டிக்கும் சொல்கிற ‘கொள்ளளவு’ இங்கே பொருந்துகிறது. 2020-இல் வந்த ஜிபிடி-3-இன் கொள்ளளவு 2,048 நறுக்கு; இன்று லட்சக்கணக்கில் பேசுகிறார்கள். இப்படி எழுதினால் எனக்குத் தடங்கல் இல்லாமல் ஓடுகிறது.

போன மாதம் எங்கள் பில் பக்கத்தில் ‘டோக்கன்’ இருந்த இடத்தில் ‘நறுக்கு’ என்று மாற்றினேன். விளக்கம் எதுவும் போடவில்லை. இரண்டாவது நாள் அதே பத்திர எழுத்தர் போன் செய்தார். “சார், ‘சுதந்தர பாத்தியமாக’ன்னு ஒரே வார்த்தை, அதை இத்தனையா நறுக்குது? கொஞ்சம் பெருசா நறுக்கச் சொல்ல முடியாதா?” என்றார். அதற்கு முன் இரண்டு வருடம் அவர் பில்லில் டோக்கன் என்றுதான் இருந்தது. அதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்டதில்லை.

எதிர்ப்பு இருந்தால் சொல்லுங்கள். ‘நறுக்கு’ ஏவல் வினைபோல் ஒலிக்கிறது என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். வெட்டு, கட்டு, பூட்டு எல்லாம் அப்படித்தானே, வாக்கியத்தில் வைத்தால் குழப்பம் வரவில்லை. புணர்ச்சியில், வன்தொடர்க் குற்றியலுகரம் என்பதால் நறுக்குப் பட்டியல், நறுக்குக் கணக்கு என்று ஒற்று மிகும். பன்மையை மட்டும் நான் நறுக்குகள் என்றே எழுதுகிறேன். வாழ்த்துகள், வாழ்த்துக்கள் விவாதத்தை இங்கே இழுக்க வேண்டாம், அதைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம்.