செம்பருத்தியில் மாவுப்பூச்சி, எறும்பை எப்படித் தடுப்பது?

வணக்கம். மதுரை திருநகர், மொட்டைமாடித் தொட்டியில் 4 வயதுச் செம்பருத்தி. அம்மா வைத்தது, சாமிக்குத் தினமும் இதில்தான் பூ. மாசிக் கடைசியில் இருந்து கொழுந்தெல்லாம் முடிச்சுப் போட்ட மாதிரி சுருண்டுவிட்டது. விரித்தால் உள்ளே வெள்ளையாக மாவுப்பூச்சி, நசுக்கினால் விரலில் பிசுபிசுக்கிறது. தண்டில் எறும்பு ஓயாமல் ஏறி இறங்குகிறது.

சுருண்ட நுனிகளை வெட்டி எரித்தேன். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினேன். அப்புறம் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், வாரம் ஒருமுறை சாயங்காலம், 3 தடவை. நாலு நாள் அடங்கும், பிறகு பழையபடி. இப்போது பக்கத்துக் கொய்யாக் கன்றிலும் வெள்ளை தெரிகிறது. பூச்சி கழிக்கும் இனிப்புக்காக எறும்புதான் அதைக் காவல் காத்துப் பரப்புகிறது, எனவே எறும்பை நிறுத்தாமல் தீராது.

விஷ மருந்து இல்லாமல், எறும்பு செடியில் ஏறாதபடி உங்கள் வீட்டில் எதைச் செய்து பலன் கிடைத்தது?