அப்பா அம்மாவோட 40வது கல்யாண நாள், ஏற்காடு சரியா வருமா?

சித்தப்பா, அத்தை குடும்பம்னு 18 பேர் சேலத்துல இருந்து கெளம்புறோம், பாட்டிக்கு முழங்கால் வலி, ஆனா அவங்கள விட்டுட்டுப் போக மனசே வரலங்க, எப்படி சமாளிக்கலாம்?

பதில்: மலை ரோட்ல 20 கொண்டை ஊசி வளைவு இருக்கு, பாட்டிய வேன்ல முன் சீட்ல உக்கார வைங்க, காலைல ரெண்டு இட்லியோட நிறுத்திக்கச் சொல்லுங்க.

பதில்: சேர்வராயன் கோயில் குகைல குனிஞ்சு போகணும், பாட்டிக்கு கஷ்டம். அதுக்குப் பதிலா ஏரிகிட்டயே எல்லாரும் சேந்து உக்காருங்க. எங்க மாமா அத்தைக்கு அங்கதான் மாலை மாத்த வெச்சோம், அத்தை அழுதுட்டாங்க, இன்னும் கண்ணுலயே நிக்குது.

பதில்: மே மாசம்னா கோடை விழா கூட்டம், ரூம் இப்பவே போட்ருங்க.

ரொம்ப நன்றிங்க, மாலைய சேலத்துலயே வாங்கிட்டுப் போறோம்.